சக்கைக் கணக்கு

இரவு எட்டு மணிக்கு ஏழுமலை
கரும்பு மெஷினை நிறுத்துவார்.
நான் சாக்கை விரிப்பேன்.
எலுமிச்சைத் தோல் ஒட்டியிருக்கும், இஞ்சித் துணுக்கு ஒட்டியிருக்கும்,
பொறுக்கி எறிய வேண்டும்.
எதுக்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.
குப்பை வண்டிக்குத் தரும் இருபது ரூபாய் மிச்சம்.

மெஸ்ஸில்தான் கேட்டார்கள்.
டிகாக்‌ஷன் இறங்கிய தூள், மூன்று பெரிய ஃபில்டர்,
காலையும் மாலையும்.
"செடிக்காம்மா?" என்றார் அனந்தகிருஷ்ணன்.
"சாப்பிட" என்றேன்.
அப்புறம் சில்லறையை என் கையில் தராமல்
மேஜையில் வைக்க ஆரம்பித்தார்.

வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
குளியலறையை ஒட்டி ஆறடிக்கு நாலடி,
ஜன்னல் இல்லை.
வாடகைக்குக் காட்டும்போது புரோக்கர்
கதவைத் திறக்காமலே கடந்துபோன அறை.
அங்கே உறி கட்டினேன்.

இட்லிக் குண்டானில் சக்கை வெந்தது.
அந்த ஞாயிறு வீட்டில் இட்லி இல்லை.
ஆறவைத்து, கையில் அள்ளி இறுக்கிப் பார்க்க வேண்டும்:
ஈரம் தெரியணும், சொட்டு விழக் கூடாது.
சம்பளம் வராத மாதத்தில்
தனசிங் முகம் அப்படித்தான் இருக்கும்.
கரும்பு ஒரு அடுக்கு, காபி ஒரு பிடி,
மாதவரத்தில் வாங்கிய வித்து,
சோளத்தின் மேல் பஞ்சு பூத்த மாதிரி.
பதினான்கு பைகள்.

ஒன்பதில் பச்சை பிடித்தது.
பசுமை என்று ஊரே கொண்டாடும் நிறம்
என் பைகளில் மட்டும் சாவு.
விடியுமுன் ஒன்பதையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
குப்பையிலிருந்து எடுத்ததைக்
காசு செலவழித்துக் குப்பைக்கே திருப்பிக் கொடுத்த
ஒரே ஆள் இந்த பிளாக்கில் நானாகத்தான் இருப்பேன்.

மிச்சம் ஐந்து.
உள்ளே வெள்ளை நூல் நகர்ந்தது,
நாளுக்கு ஒரு விரல்கடை.
காபி வாசனை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி
ஒருநாள் இல்லாமலே போனது.
அந்த இடத்தில் வந்த வாசனைக்கு
இன்னும் எனக்குப் பெயர் தெரியவில்லை.

லாரி வராத செவ்வாய்க்கிழமை
குடிக்க வைத்த குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்து
கோணியில் தெளித்தேன்.
வீட்டில் சொல்லவில்லை.

துறைமுகத்து நைட் ஷிஃப்ட் முடிந்து
தனசிங்தான் முதலில் பார்த்தது.
"குண்டூசித் தலை மாதிரி என்னமோ நிக்குது, வந்து பாரு."
மறுநாள் சட்டைப் பொத்தான்.
அதற்கும் மறுநாள்
ஐந்து பையிலும் காது முளைத்து
நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தன.
குரலைத் தாழ்த்திக்கொண்டோம், உண்மையாகவே.

வெட்டக் கூடாது, திருகி எடுக்க வேண்டும்.
முதல் பறிப்பு இரண்டே கால் கிலோ.
ஏழுமலைக்கு ஒரு பொட்டலம்.
முகர்ந்தார், நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.
"என் கரும்புன்ற. இனிக்கலையே."

அனந்தகிருஷ்ணன் தொடவில்லை, அவர் வீட்டில் வழக்கமில்லை.
மாஸ்டர் மிளகு தட்டிப்போட்டு வதக்கினார்.
சாப்பிட வந்த மூன்று பேர் விலை கேட்டார்கள்.
அவ்வளவுதான்.
அடுத்த நாள் தூள் வாளிமேல்
சாக்பீஸில் எழுதியிருந்தது: கிலோ பத்து ரூபாய்.

நின்று படித்தேன்.
நேற்றுவரை சாக்கடைக்குப் போனதற்கு
இன்றைக்கு ஒரு முதலாளி.
கோபம் வரவில்லை, சிரிப்புதான்;
பேரம் பேசி
வாரம் கால் கிலோ காளானுக்கு முடித்தேன்.

மூன்றாம் பறிப்போடு பைகள் ஓய்ந்தன.
கரும்பும் இல்லை, காபியும் இல்லை,
கையில் எடுத்தால் கனமில்லாத
பழுப்பு ரொட்டி.
கீழே கொண்டுபோய்ப் போடலாம் என்று
படியில் வைத்திருந்தேன்.

மூன்றாம் மாடி ரெஜினா எட்டிப் பார்த்தாள்.
"ரோஜாத் தொட்டிக்குப் போட்டா நல்லதாமே, எடுத்துக்கவா?"

சட்டென்று வாய் திறக்கவில்லை எனக்கு.
என்ன விலை சொல்லலாம்
என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன்.